அந்தோணியார் ரிவர்ஸில் வந்த நாள்

ஒரு மெக்கானிக் வண்டியைப் பற்றி விளக்கும்போது "புரியவில்லை" என்று சொல்லும் தைரியம் எந்த ஆணுக்கும் கிடையாது. என்னை வண்டிக்கு அடியில் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தே விளக்கினார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை.

கோழித் தீவனம் விற்பவனுக்கு நாலு சக்கரமும் இழுக்கும் பிக்கப் எதற்கு? என் மனைவி ஸ்டெல்லாவும் இதைத்தான் கேட்டாள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே என் வண்டி ஏற வேண்டிய அதிகபட்ச உயரம், பண்ணை வாசலில் இருக்கும் சிமெண்ட் மேடு. ஆனால் அந்தப் பழைய பிக்கப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி நின்றது. அதற்காகவே வாங்கினேன். (குமிழில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து மொட்டையாகிவிட்டிருந்தது. அதையும் கம்பீரம் என்றே எடுத்துக்கொண்டேன்.)

நாமக்கல் மெக்கானிக் நல்லுசாமி அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார். "இந்தப் பொட்டிதானுங்க டிரான்ஸ்பர் கேஸ். இஞ்சின் இழுவைய பின் வீலுக்கு மட்டும் குடுக்கறதா, முன் வீலுக்குஞ் சேத்துக் குடுக்கறதான்னு இதுதான் பாக்கும். குட்டிக் கம்பிய இழுத்தா நாலு வீலும் இழுக்கும். கடைசி வரைக்கும் இழுத்தீங்கன்னா நாலும் இழுக்கும், ஆனா நட வேகந்தான். சேத்துல, மண்ணுல மட்டும் போடுங்க. தார் ரோட்டுல..."

இந்த இடத்தில் எனக்கு போன் வந்தது. பேசிவிட்டு வந்து, "தெரியும்ண்ணா" என்றேன்.

எங்கள் பங்குக் கோயிலில் அந்தோணியார் திருவிழா. வழக்கமாக சப்பரம் டிராக்டரில் போகும். அந்த வருஷம் என் மாமனார், "எங்க மாப்ளை வண்டி இருக்குதுங்க சாமி. பொகையடிக்காது, குலுங்காது" என்று பங்குச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். என்னைப் பற்றி அவர் வெளியில் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. பவனி ஐந்து தெருவைச் சுற்றி, ஆறரை மணித் திருப்பலிக்குள் கோயிலுக்குத் திரும்பியாக வேண்டும்.

நான் யோசித்தேன். பவனி என்றால் நடை வேகம். முக்கால் மணி நேரம் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே போனால் கருகிவிடும். நடை வேகத்துக்கென்றே ஒரு கம்பி இருக்கும்போது என்ன கவலை? கடைசி வரைக்கும் இழுத்துவிட்டேன்.

முதல் தெரு நேர்த் தெரு. கால் எந்தப் பெடலிலும் இல்லை, வண்டி தானாக ஊர்ந்தது. முன்னால் பேண்டு, பின்னால் செபமாலையோடு பெண்கள், பக்கத்து சீட்டில் மைக்கோடு மாமனார். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு தெரிந்தவர்களுக்கெல்லாம் தலையசைத்தேன்.

முதல் திருப்பம் வந்தது. ஸ்டீயரிங் ஆட்டுக்கல் மாதிரி கனத்தது. டயர் கிறீச்சிட்டது, வண்டி விக்கி விக்கித் துள்ளியது, மேலே அந்தோணியாரின் மல்லிகை மாலை ஒரு பக்கம் நழுவியது. பாதித் திருப்பத்தில் தெருவை அடைத்துக்கொண்டு வண்டி அணைந்தது. பேண்டும் நின்றது. குட்டிக் கம்பியைத் தள்ளினேன். சிமெண்டில் நட்டது போல் நின்றது. காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என் வண்டி மேலேயே நிற்கிறார். காணாமல் போன என் கியரைக் கொடுங்கள் சாமி என்று வேண்டிக்கொண்டேன். அவர் நேராகப் பார்த்தபடி நின்றார்.

நல்லுசாமி அண்ணனுக்கு போன் போட்டேன். இரண்டு கையும் கம்பியில் இருந்ததால், ஸ்பீக்கரில் போட்ட போனை மாமனார் என் காதருகே பிடித்தார். மைக்கும் அதே கையில். அது அணைக்கப்படவில்லை என்பது வண்டியில் கட்டியிருந்த நாலு ஒலிபெருக்கிக் குழாயும் பேசத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

"ஏனுங்க, தார் ரோட்டுல எந்தக் கிறுக்கனாச்சும் அதப் போடுவானுங்களா? திரும்பறப்ப முன் வீலு சுத்தி ஓடோணும், பின் வீலு குறுக்க ஓடும். மண்ணுன்னா சறுக்கிச் சரி பண்ணிக்கும். தாருல எங்கீங்க சறுக்கறது? முறுக்கீட்டுத்தான் நிக்கும். இத நான் சொல்ல வந்தப்பத்தான தெரியும்னீங்க. ரிவர்ஸ்ல ஒரு முப்பதடி எடுங்க, உட்டுரும்."

ஐந்து தெருவும் கேட்டது. மாமனார் என்னைப் பார்க்கவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோய், செபம் சொல்லும் அதே குரலில், "அன்பான இறைமக்களே, அந்தோணியார் கொஞ்சம் பின்னாடி வர்றாருங்க. வழி விடுங்க" என்றார்.

செபமாலைப் பெண்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அந்தோணியார் பின்னோக்கி வந்தார். மாவு மில் எதிரில் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். கம்பி விட்டுக்கொடுத்தது. அதற்குள் மணி ஆறு. சாமியார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மில்லை ஒட்டிய சந்து ஒன்றைக் காட்டினார். "இப்படியே போங்க."

அந்தச் சந்து ஐந்தாம் தெருவில் போய் முட்டும். வருஷா வருஷம் பேண்டுக்காரர்கள் மூச்சு வாங்கிப் பூவும் வாடிய பிறகு கடைசியாகப் பவனியைப் பார்க்கிற தெரு. மெழுகுவத்திகூட ஏற்றியிருக்கவில்லை. ஓடி வந்தார்கள். ஒரு அம்மா கை நிறைய மாவோடு கும்பிட்டார். "மொத மொதல்ல எங்க தெருவுக்கே வந்துட்டாரு" என்று அழுதார். மற்ற தெருக்களைத் தலைகீழ் வரிசையில் சுற்றி, மணியடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது கோயிலை அடைந்தோம். இறங்கும்போது மாமனார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "போன்ல பேசுனவரு வெவரமானவருங்க மாப்ளை."

அடுத்த வருஷம் டிராக்டரே திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஐந்தாம் தெருக்காரர்கள் விடவில்லை, போன வருஷம் மாதிரியேதான் வர வேண்டும் என்றார்கள். அதனால் இன்றைக்கும் டிராக்டர் முதல் திருப்பம் வரை போய், பேண்டு நிற்க, முப்பதடி பின்னால் வந்து, மில் சந்தில் திரும்புகிறது. வீட்டில் நான் ஏதாவது பிடிவாதம் பிடித்தால், "ஒரு முப்பதடி பின்னாடி போயிட்டு வாங்க" என்பாள் ஸ்டெல்லா.

இந்த வருஷம் புதிதாக வந்த சாமியார், டிராக்டர் ஏன் பின்னால் போகிறது என்று கேட்டார். மாமனார் சிரிக்கவே இல்லை.

"அது எங்க பெரியவங்க காலத்து வழக்கமுங்க சாமி."

அந்தப் பெரியவரான எனக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது.