ஒட்டுண்ணி ஆய்வுக் கப்பல்

தியாகத்தின் பொருளை அகராதியில் தேடுகிறவர்கள் வீணாகச் சிரமப்பட வேண்டாம். கடல் உயிரின ஆய்வு நிலையத்தின் இயக்குநரைப் பார்த்தால் போதும். துருவக் கடலின் குளிரையும், அலையையும், அவற்றைவிடக் கொடிய கப்பல் சாப்பாட்டையும் அறிவியலுக்காக ஏற்க அவரே முன்வந்தார்.

அந்த அறிவியலோ, மாடியின் கடைசி அறையில், ஒரு பெண்ணின் உருவில், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி உட்கார்ந்திருந்தது. நிலையமே அவளைக் 'கிரில் அக்கா' என்றுதான் கூப்பிடும். கிரில் என்பது துருவக் கடலில் கூட்டங்கூட்டமாகத் திரியும் இறால் போன்ற சிற்றுயிர். திமிங்கிலத்துக்கே அதுதான் சோறு. அதன் வயிற்றுக்குள் குடித்தனம் நடத்தும் ஒட்டுண்ணியை அக்கா ஆராய்ந்து வந்தாள். கிரில் செத்தால் ஒட்டுண்ணியும் உருக்குலைந்துவிடும். ஐஸில் வந்த பொட்டலங்களில் இத்தனை வருடமாக அவள் பார்த்ததெல்லாம் வெறும் கூழ். உயிரோடு பிடித்துக் கப்பலிலேயே அறுத்துப் பார்க்க வேண்டும் என்று அவள் தீட்டிய திட்டத்துக்குத்தான் கப்பலே கிடைத்தது. கம்பளிக் காலுறைகூட வாங்கி வைத்துவிட்டாள்.

பயணக் குழு கூடியது. இயக்குநர், 'வழிகாட்ட'. அவர் மனைவி, வழிகாட்டுபவரின் 'மன உறுதிக்கு'. செலவு கண்ணெதிரே நடக்க வேண்டுமாதலால் கணக்கு அதிகாரி. படமெடுக்க இயக்குநரின் மச்சான்.

"அவர் கல்யாண வீடியோ எடுக்கறவராச்சே?" என்றாள் அக்கா.

"கேமரா எல்லாம் ஒண்ணுதாம்மா. கிரில் என்ன சரியா விழலைன்னு சண்டைக்கா வரப்போகுது?" என்றார் கணக்கு அதிகாரி.

"சார், என் பேரு?"

இயக்குநர் துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"உன் பேருதாம்மா முதல்ல இருந்துச்சு. கப்பல்ல இடம் இல்லையே, நான் என்ன செய்ய?"

"அப்ப கிரில்லை யார் சார் அறுத்துப் பார்க்கறது?"

"நீதான்! ஐஸ்ல போட்டு பத்திரமா கொண்டு வந்து தர்றோம். வழியனுப்பு விழாவுக்கு எனக்கு ஒரு பேச்சு மட்டும் எழுதிக் குடுத்துடு."

அக்கா தலையாட்டினாள். இயக்குநரின் பேச்சுகளை எழுதுவது எப்போதும் அவள் வேலை. மேடையேறும்வரை அவற்றைப் படிக்காமலிருப்பது இயக்குநரின் கொள்கை.

துறைமுகத்தில் விழா. மச்சானின் கேமரா ஓடியது. காலில் கம்பளிக் காலுறையோடு அக்கா கூட்டத்தில் நின்றாள். இயக்குநர் தாளை விரித்து, கம்பீரமாக வாசித்தார்:

"ஒட்டுண்ணியை இகழாதீர்கள். அது கிரில்லின் உள்ளேயே வாழும். கிரில்லின் உணவையே உண்ணும். கிரில் போகுமிடமெல்லாம் தானும் போகும்."

பலத்த கைதட்டல். இயக்குநர் கையமர்த்திவிட்டு, குரலை இன்னும் உயர்த்தினார்:

"ஆனால் ஒன்று. இடமில்லை என்று சொல்லி, அது ஒருநாளும் கிரில்லைக் கரையில் இறக்கிவிட்டதில்லை."