கலர் அக்காவின் நீலச் சேலை

நெய்வேலியில் அடுத்து என்ன கடை திறக்கப்போகிறது என்பதைக் கலர் அக்காவின் சேலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கடைகளுக்குப் போர்டு, விசிட்டிங் கார்டு, லெட்டர்பேடு எல்லாம் வரைந்து தருவது அவர் தொழில். எந்த நிறத்தில் வேலை நடக்கிறதோ, அது முடியும்வரை அந்த நிறச் சேலைதான். மிட்டாய்க் கடைக்காக ரோஸ் கட்டிய நாட்களில் எறும்புகள் அவர் பின்னாலேயே போனதாகச் சொல்வார்கள்.

என் கணவர் சுரங்கத்தில் பார்த்த கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு, வரிக்கணக்கு பார்க்கும் ஆபீஸ் தொடங்கினார். என் இடுப்பில் கைக்குழந்தை. ஆள் வராவிட்டால் பழைய வேலையைத் திருப்பித் தருவார்களா? அவரிடம் கேட்கப் பயம். போர்டாவது பளிச்சென்று சிவப்பில் இருக்கட்டும் என்று அக்காவிடம் சொன்னேன்.

"உங்க ஆபீஸுக்கு யாரும்மா வருவாங்க? நோட்டீஸ் வந்து பயந்துகினு இருக்கறவன்தானே. அவன சிவப்பக் காட்டி வெரட்டணுமா?"

"அப்ப மஞ்சளா போடலாமாக்கா?"

"இங்க சுரங்கத்துக் குவார்ட்டர்ஸ் பூரா மஞ்சள். அதுக்குள்ள உங்கள எங்க போய்த் தேடுவான்? நீலம்."

"ஒரு லட்சுமி, ஒரு கால்குலேட்டர்..."

"பாதி தொறந்த கதவு ஒண்ணு போதும். பயந்தவனுக்கு அதான் கண்ணுல படும்."

போர்டு, கார்டு, கவர், ஃபைல் எல்லாவற்றிலும் ஒரே நீலம், ஒரே கதவு, ஒரே எழுத்து. "ஒரே வூட்டுப் புள்ளைங்க மாதிரி இருக்கணும்மா" என்றார். ஜன்னல் திரையும் நீலமானது. குழந்தையின் குல்லாவைக்கூட விடவில்லை.

திறப்பு நாளன்று ஒரு பெரிய கான்ட்ராக்டர் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் கணக்கைக் கொடுத்தால் மற்றவர்களும் கொடுப்பார்கள். ஆனால் அவருக்கு முன்பே, குறிஞ்சிப்பாடியிலிருந்து என் கணவரின் அண்ணன் வாழ்த்து ஃப்ளெக்ஸோடு வந்து, போர்டு மறையும்படி அதன் மேலேயே கட்டிவிட்டார். அதில் அவர் கதவைவிட உயரமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று கணவர் என்னைப் பார்த்தார். தம்பி மனைவி எப்படிச் சொல்வது என்று நான் குழந்தையைப் பார்த்தேன்.

நீலச் சேலையில் வந்த அக்கா அண்ணாந்து பார்த்தார். "இது யாரு ஆபீஸுங்க?"

"என் தம்பிதுதாங்க."

"தம்பி எங்க காணோம்?"

கணவரின் அண்ணன் ஃப்ளெக்ஸின் மூலையை விரலால் காட்டினார். தபால்தலை அளவில் என் கணவர் இருந்தார்.

அக்கா நேராகப் போய் வெயிலில் ரோட்டோரம் நின்றுகொண்டார். கோபித்துக்கொண்டார், என்னால்தான், சிவப்பு கேட்டிருக்கவே கூடாது என்றெல்லாம் எனக்கு ஓடியது. நேரம் போனது. கான்ட்ராக்டரைக் காணவில்லை. பைக்கில் ஒருவர் மட்டும் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் அக்காவின் அருகே நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து எங்கள் கார்டை எடுத்தார். கார்டையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கலர் ஆபீஸு எங்கம்மா கீது? போர்டே காணோமே."

"நான்தாங்க போர்டு. உள்ள வாங்க."

அவர்தான் அந்தக் கான்ட்ராக்டர்; கணக்கைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். கணவரின் அண்ணன் தானே ஏறி ஃப்ளெக்ஸை அவிழ்த்தார். இப்போது அது குறிஞ்சிப்பாடியில் மாட்டுக்கொட்டகையின் மேல் கிடக்கிறது. மழையிலும் கும்பிடு குறையவில்லை.

வேலை முடிந்தால் அந்த நிறச் சேலையை அக்கா மறுபடி தொடமாட்டார். அதன்பிறகு பச்சை, ஆரஞ்சு என்று எத்தனையோ கடைகளுக்குக் கட்டிவிட்டார். ஆனால் எங்கள் ஆபீஸ் வழியாகப் போகவேண்டிய நாட்களில் மட்டும், கேட்டால் "துவைச்சது இதாம்மா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு, அந்த நீலத்தில்தான் வருகிறார்.