நாற்பது வரியில் ஒரு நல்ல கணவன்

இனிமேல் என் மனைவி அனுப்பும் செய்தி எதற்கும் நானாகப் பதில் போடுவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன்.

தப்பாக நினைக்காதீர்கள். நான் புரோகிராமர். பிழை திருத்திப் பிழைக்கிறவன். ஒரு பிழையை மூன்று மணி நேரம் துரத்தி, அதன் வாலைப் பிடிக்கிற நேரம் பார்த்து போன் 'டிங்' என்னும். "பிளம்பர் இன்னும் வரலையே?" பதில் போட்டுவிட்டுத் திரும்பினால் வாலும் இருக்காது, பிழையும் இருக்காது. ஒரு நாளைக்கு முப்பது டிங். மனுஷன் எப்படி வேலை பார்ப்பான்?

அந்த முப்பதில் பாதி, என் அறையைப் பற்றியது. எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரத் தோதான சின்ன அறை ஒன்றுதான். என் மேஜை, இரண்டு கம்ப்யூட்டர் திரைகள், சுழல் நாற்காலி, நிம்மதி எல்லாம் அங்கேதான். அவளுடைய தையல் மிஷின் ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தது. மூன்று வருஷமாக அறையைக் கேட்கிறாள். தலைகீழாக நின்றாலும் தர மாட்டேன் என்று நானும் மூன்று வருஷமாகச் சொல்கிறேன்.

ஆகவே நாற்பது வரியில் ஒரு புரோகிராம் எழுதிப் போனில் போட்டேன். அவள் கேள்வி கேட்டால் அது, "நீ சொன்னா சரிதாம்மா" என்று பதில் போடும். வெறும் "ம்" என்று வந்தால் ஆபத்து, அதற்கு, "மன்னிச்சுக்கோ, தப்பு என்மேலதான்." மற்ற எல்லாவற்றுக்கும், "சரிம்மா, வரும்போது பார்த்துக்கறேன்."

ஆபீஸில் பக்கத்து சீட்டு நண்பர் எட்டிப் பார்த்தார். மாதம் ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர்.

"டெஸ்ட் பண்ணீங்களா சார்?"

"கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இந்த மூணைத் தவிர நான் வேற பதில் சொன்னதே இல்ல. இதுக்கு மேல என்ன டெஸ்ட்?"

"அவங்க ஏடாகூடமா ஏதாவது கேட்டுட்டா?"

"என்னத்தைப் பெரிசா கேட்டுடப் போறா?"

நாலு நாள் ராஜபோகம். வீட்டிலும் சிரித்த முகம், கேட்காமலே டீ. அடடா, இதைப் பத்து வருஷம் முன்னாலேயே எழுதியிருக்கலாமே என்று நொந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே தையல் மிஷின். அதன்முன் அவள்.

"என் மேஜை எங்க?"

"ஃப்ரிட்ஜ் பக்கத்துல."

"யாரைக் கேட்டு எடுத்த?"

"உங்களைக் கேட்டுத்தான்." போனை நீட்டினாள்.

'ரூமை நான் எடுத்துக்கட்டுமா?' 'நீ சொன்னா சரிதாம்மா.' 'அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?' 'நீ சொன்னா சரிதாம்மா.' 'ம்.' 'மன்னிச்சுக்கோ, தப்பு என்மேலதான்.'

"இது நான் இல்ல. புரோகிராம்!"

"தெரியுமே. செவ்வாய்க்கிழமையே தெரியும். பாத்ரூம்ல கரடி நிக்குதுன்னு அனுப்பினேன். வரும்போது பார்த்துக்கறேன்னு வந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"பதினோரு வருஷத்துல நீங்க ஒரு செகண்டுல பதில் போட்டதே இல்ல. அதுவும் 'மா' போட்டு. முதல் நாள் சந்தோஷமா இருந்துச்சு. கரடிக்கப்புறம் அழுகையா வந்துச்சு. அழுது முடிச்சதும் ரூம் ஞாபகம் வந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அறை என் அறையாயிற்றே.

"இதெல்லாம் செல்லாது."

"எழுத்துல ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான்னு உங்க ஆபீஸ்ல சொல்வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? கதவைச் சாத்திட்டுப் போங்க."

ஃப்ரிட்ஜோரம் உட்கார்ந்தேன். அது என் காதுக்குள் உறுமியது. மானத்தை விட்டு ஒரு செய்தி அனுப்பினேன்: "ரூமை எனக்கே திருப்பித் தரக் கூடாதா?"

ஒரே செகண்டில் பதில். "நீங்க சொன்னா சரிதாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன இருந்தாலும் என் பெண்டாட்டி! ஒரு கம்ப்யூட்டர் திரையைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கதவைத் தட்டினேன்.

"என்ன?"

"நீதானே இப்ப சரின்னு அனுப்பினே?"

"நான் எங்க அனுப்பினேன்? போன் மூலையில சார்ஜ்ல இருக்கு, நான் தொடவே இல்ல."

என் புரோகிராம் விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்; திரையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கத்து சீட்டு நண்பருக்குப் போன் போட்டேன்.

"ஆமா சார். புதன்கிழமை போன் பண்ணி உங்களுதை மாதிரியே ஒண்ணு வேணும்னு கேட்டாங்க. எழுதிக் கொடுத்தேன்" என்றார். "ஆனா ஒண்ணு சார், அவங்க நல்லா டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டுத்தான் வாங்கிக்கிட்டாங்க."