எனக்குச் சொந்தமில்லாத பிரான்சை நான் காப்பாற்றிய கதை

டி.வி.யைப் பார்த்துத் திட்டுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. டி.வி.க்குக் காது கிடையாது. இந்த வசதியை நம்பித்தான் நான் பல வருஷம் நிம்மதியாக வாழ்ந்தேன். பிறகு ஒருநாள் டி.வி.யே என்னைத் தேடி வந்து, "சொல்லுங்க சார்" என்றது. அன்றோடு நிம்மதி போயிற்று.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பழமைவாதி. வீட்டுக்குக் கதவு வேண்டும், நாட்டுக்கு எல்லை வேண்டும், பெரியவர்கள் உள்ளே வந்தால் சின்னவர்கள் காலைக் கீழே இறக்க வேண்டும் என்று நினைக்கிறவன். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். கட்டுரை முடிவதற்குள் இவன் திருந்திவிடுவான் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

உழவர்கரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் சாயங்காலம் விவாத நிகழ்ச்சி ஓடும். நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பேர் எதிர்ப்பக்கம். நம்ம பக்கத்துக்கு ஒரே ஒருவர், அவர் வாயைத் திறந்தால் உடனே "ஒரு சிறிய இடைவேளை" வந்துவிடும். எனக்கு ரத்தம் கொதிக்கும்.

"நம்மள மாதிரி சாதாரண ஜனங்ககிட்ட ஒருத்தனாவது மைக்க நீட்டுறானா பாத்தியா?" என்று கத்துவேன்.

"நீட்டினா ஊரு தாங்காது" என்பாள் என் தங்கை மலர்.

அப்பா இல்லாத வீடு. அம்மா, நான், மலர் மூன்று பேர்தான். மலருக்குப் பாரீஸில் ஒரு வரன் அமைந்திருந்தது. பையன் பெயர் குமரேசன், சொந்த ஊர் கோரிமேடு. படிக்க என்று போனவன், படிப்பு முடிந்தோ முடியாமலோ (அதைத் தரகர் கடைசிவரை தெளிவாகச் சொல்லவில்லை) அங்கே ஒரு தமிழ் மளிகைக் கடையில் வேலைக்கு நின்றுவிட்டான். "அங்க தங்கறதுக்குப் பேப்பர் மட்டும் இன்னும் வரணும்" என்று தரகர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பையன் நல்ல பையன். தினமும் போனில் பேசிப் பேசி மலருக்கு அவனை ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது. பிரெஞ்சு டியூஷனுக்குக்கூடப் போய்க்கொண்டிருந்தாள். பூ வைத்தாகிவிட்டது, அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்.

அந்த நேரம் பார்த்து பிரான்ஸில் தேர்தல் வந்தது. பிரான்ஸில் தேர்தல் வந்தால் உழவர்கரைக்காரனுக்கு என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்துக்கு அதில் சம்பந்தம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது, வேண்டியவர்கள் கையெழுத்துப் போட்டு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெரியப்பா போய்க் கையெழுத்துப் போட்டார், அவர்கள் பட்டாளத்தில் சேர்ந்தார், இன்றுவரை பென்ஷன் வாங்குகிறார். எங்கள் தெருவில் அவரைச் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள், பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களுக்கு இங்கே அதுதான் பெயர். என் அப்பாவுக்கு அன்றைக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லையாம். ஒரு நாள் லீவு கிடைக்காததால் பெரியப்பா பரம்பரை பிரான்சு, எங்கள் பரம்பரை ரேஷன் கடை.

ஓட்டுப் போடும் நாளன்று பெரியப்பாவை ஸ்கூட்டரில் கடற்கரைப் பக்கம் உள்ள வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போக வேண்டியது என் வேலை. கிளம்பும்போது மலர் வாசல் வரை வந்தாள்.

"அண்ணா, நிச்சயம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் அரசியல் பேசாம இருக்கியா? ஒரே ஒரு வாரம்."

"பிரான்சு தேர்தல்ல எனக்கு என்னடி பேச்சு? வண்டி ஓட்டறதுதான் என் வேலை" என்றேன். உண்மையில் நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். ஆனால் முந்தின நாள்தான் பிரான்ஸ் அரசியல் பற்றித் தமிழில் ஒரு பத்து நிமிட வீடியோ பார்த்திருந்தேன். பத்து நிமிஷத்தில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டவனை மாதிரி ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது.

பெரியப்பா ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தார். பழைய பட்டாளத்துக் கூட்டாளிகளைப் பார்த்ததும் பாஸ்போர்ட்டை என் கையில் திணித்துவிட்டுப் பேசப் போய்விட்டார். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டும் கையுமாக மர நிழலில் நின்றேன். அப்போதுதான் உள்ளூர்ச் செய்திச் சேனல் ஒன்றின் நிருபர் பெண் கேமராக்காரரோடு வந்தார். என்னைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். மைக் என் மூக்குக்குக் கீழே வந்து நின்றது.

"சார், இந்தத் தேர்தல்ல முக்கியமான பிரச்சினை எதுன்னு நினைக்கிறீங்க?"

"தெரியாதுங்க, நான் பெரியப்பாவோட வந்தேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்வதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் எத்தனை வருஷத்துக் கனவு! நம்மைப் போன்ற ஒருவனிடம் மைக் வந்திருக்கிறது, நடுவில் இடைவேளை விடக்கூட ஆளில்லை.

"நாட்டுல ஒரு ஒழுங்கு வேணும்மா" என்று ஆரம்பித்தேன். "யார் வேணா வரலாம், வந்து உக்காந்துக்கலாம்னா அது நாடா, சத்திரமா? முறையா வந்தவங்க இருக்கட்டும், அவங்க நம்ம புள்ளைங்க. ஆனா படிக்க வரேன்னு விசா வாங்கிட்டு வந்து மளிகைக் கடையில பருப்புப் பொட்டலம் கட்டுறான் பாருங்க, அவன மொதல்ல மூட்ட கட்டி அனுப்பணும். எங்க பிரான்ச நாங்கதான் காப்பாத்தணும்!"

எங்க பிரான்ஸ். இதை எந்த வாய் சொன்னது, ஏன் சொன்னது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பேச்சு சூடு பிடித்தால் ஆள் எதையும் சொந்தம் கொண்டாடிவிடுவான் போலிருக்கிறது. அந்தப் பருப்புப் பொட்டலம் வீடியோவில் வந்த பொட்டலம், சத்தியமாகக் குமரேசன் என் நினைவிலேயே இல்லை.

சரி, பேசியதுதான் பேசினேன், வீட்டுக்கு வந்து கமுக்கமாக இருந்தேனா? குரூப்பில் போட்டேன். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்தேன். கோரிமேட்டுக்கும் போன் செய்து, குமரேசனின் அம்மாவிடம், "அத்தை, ஏழு மணி நியூஸ் பாருங்க, நான் வரேன்" என்று சொல்லி வைத்தேன். (ஆமாம், நானேதான். வேறு யாரும் சதி செய்யவில்லை.)

ஏழு மணிக்கு அம்மா, மலர், நான் மூன்று பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். பின்னணியில் உறுமல் சத்தம். என் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'முறையா வந்தவங்க இருக்கட்டும், அவங்க நம்ம புள்ளைங்க' என்ற என் பொன்னான வாக்கியத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மிச்சத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கீழே கொட்டை எழுத்தில்: 'மூட்டை கட்டி அனுப்பு! பிரெஞ்சுக் குடிமகன் ஆவேசம்!'

மலர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.

"அண்ணா, குமரேசன் எதுக்குன்னு பிரான்சு போனாரு?"

"படிக்க."

"இப்ப எங்க வேலை செய்றாரு?"

"மளிகைக் கடை."

"அங்க என்ன கட்டுறாரு?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

மறுநாள் இன்னும் மோசம். எனக்கு ஆகாத சேனல் ஒன்று, 'புதுச்சேரி பிரெஞ்சுக்காரரின் வெறுப்புப் பேச்சு' என்று விவாதமே நடத்தியது. அதாவது பரவாயில்லை, அவர்கள் பிழைப்பு அது. எனக்கு ஆன சேனல், நான் நம்பி உட்கார்ந்து பார்க்கிற சேனல், 'பிரெஞ்சுக்காரரே சொல்லிவிட்டார்' என்று என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. திட்டியவர்களும் சரி, பாராட்டியவர்களும் சரி, ஒருவராவது இந்த ஆள் யார் என்று விசாரித்தார்களா? உழவர்கரையில் எந்தப் பெட்டிக்கடையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். எரிச்சல் தாங்காமல் அந்த நிருபருக்கே போன் போட்டேன்.

"மேடம், நான் பிரெஞ்சுக் குடிமகனே கிடையாதுங்க."

"அப்பறம் ஏன் சார் எங்க பிரான்சுன்னு சொன்னீங்க?"

"அது ஒரு வேகத்துல வந்துடுச்சு."

"சரி சார், அத அப்படியே சொல்லிடுங்க. வீட்டுக்குக் கேமரா அனுப்பறேன். 'பிரெஞ்சுக்காரர் பல்டி'ன்னு நல்லா போகும்."

மலர் அழுத கண்ணோடு வந்து போனைப் பிடுங்கி அணைத்தாள்.

பதினோரு மணி வாக்கில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. குமரேசனின் அம்மா இறங்கினார்கள். கையில் தட்டு. பூ வைத்த அன்று நாங்கள் கொடுத்த அதே தட்டு, மேலே நாங்கள் கொடுத்த புடவை மடிப்புக் கலையாமல். அதைப் பார்த்ததும் அம்மா அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"உங்க பிரான்சுல எங்க புள்ளைக்கு எடம் இல்லன்னுட்டீங்களே தம்பி" என்றார் அந்த அம்மா, உட்காராமலே.

"எனக்குப் பிரான்சே கிடையாதுங்க அத்தை!"

"டி.வி.யில போட்டானே?"

உண்மைதான். டி.வி.யில் போட்டார்களே. நாட்டுப்பற்றுப் பற்றிக் குரூப்பில் பக்கம் பக்கமாக எழுதுகிற நான், அன்று அலமாரியைக் கவிழ்த்துக் கொட்டி, நான் இந்தியன்தான் என்று ஒரு கோரிமேட்டு அம்மாளிடம் நிரூபித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை எடுத்துக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ரேஷன் கார்டு கூட வச்சிருக்கீங்களா, ரெண்டு பக்கமும் சலுகையா?" என்றார்.

அதற்குள் மலர் போய்ப் பெரியப்பாவைக் கூட்டி வந்துவிட்டாள். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தவர், பாஸ்போர்ட்டை அந்த அம்மா முன்னால் வைத்தார்.

"சம்மந்தி அம்மா, இந்த வீட்டுல பிரெஞ்சுக்காரன் நான் ஒருத்தன்தான். ஓட்டுப் போட்டவனும் நான்தான். இவன் வண்டிக்கு டிரைவர். ரெண்டு நாளா ஊரே பேசுது, டி.வி. பேசுது, நீ யாருக்குப்பா ஓட்டுப் போட்டன்னு எங்கிட்ட எவனாவது கேட்டானா?"

நாங்களும் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "யாருக்குப் பெரியப்பா போட்டீங்க?" என்றேன்.

"அத உங்கிட்ட சொல்லுவேனா? டி.வி.யில போயி சொல்றதுக்கா?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் மலரின் போன் அடித்தது. குமரேசன், வீடியோவில். பின்னால் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. மலர் பேசாமல் போனை என் பக்கம் திருப்பினாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"மச்சான், சூப்பரா பேசினீங்க!" என்றான்.

நான் திறந்த வாயை மூடவில்லை.

"நூத்துக்கு நூறு கரெக்டு மச்சான். இப்பல்லாம் புதுசா வர்ற பசங்க ரொம்ப மோசம். எங்க கடையிலேயே பாதிச் சம்பளத்துக்கு வரேன்றானுங்க. நான் வந்ததுக்கப்பறம் கதவ இழுத்துச் சாத்தியிருக்கணும்."

பருப்புப் பொட்டலம் கட்டுகிறவனே என் கட்சி! எனக்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. மலர்தான் முதலில் பேசினாள்.

"ரெண்டு பேரும் கதவச் சாத்திட்டு உள்ளயே இருங்க. ஆனா நிச்சயம் வெள்ளிக்கிழம. அத்தை, அந்தப் பொடவைய எடுத்துட்டுப் போங்க, உங்களுக்கு எடுத்ததுதான்."

அந்த அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ஒரு கண்டிஷன்" என்றார்கள். "கல்யாணத்துல தம்பி கையில மைக்கு போவக் கூடாது."

போகவில்லை. குமரேசனுக்குப் பேப்பர் வந்து, அவன் லீவில் ஊருக்கு வந்தபோது கல்யாணம். மண்டபத்தில் வீடியோக்காரர் விவரம் தெரியாமல் மைக்கோடு என் பக்கம் வந்தார். அடுத்த நொடி அம்மா, அத்தை, பந்தி பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் என்று மூன்று பக்கத்திலிருந்தும் கைகள் வந்து மைக்கைப் பறித்துப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டன. அவர் வாழ்த்தியது முழுக்கப் பிரெஞ்சு, மணமக்களைத் தவிர யாருக்கும் புரியவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள்.

மலர் பாரீஸ் போனாள். பெண் குழந்தை பிறந்தது. அம்மா போய்ப் பேத்தியைக் குளிப்பாட்டிவிட்டு வந்தார்கள். குமரேசன் எனக்கும் முறையாக அழைப்புக் கடிதம் அனுப்பினான், நானும் விசாவுக்குப் போட்டேன். திரும்பி வந்துவிட்டது. காரணமும் எழுதியிருந்தார்கள்: விண்ணப்பதாரர் திரும்பிப் போவார் என்று நம்ப முடியவில்லை.

என்னை! ஊரில் உள்ளவனையெல்லாம் திருப்பி அனுப்பச் சொன்ன என்னை, இவன் போனால் திரும்பி வர மாட்டான் என்று சொல்லிவிட்டார்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நாட்டுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று சொன்னவன் நான்தான். குமரேசனுக்குப் போன் செய்து புலம்பினேன்.

"மச்சான், நம்ம கொள்கைப்படிதான நடந்திருக்கு" என்றான். "வந்து உக்காந்துக்கறதுக்கு இது என்ன சத்திரமா?"

குழந்தைக்கு இப்போது நாலு வயது. பேச்சு என்னை மாதிரி என்கிறார்கள், அதாவது நிறுத்துவதில்லை. நான் அவளை இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. அதை நினைக்காமல் இருக்க டி.வி.யைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தவள், "எல்லாரும் வந்தாங்க, மாமா மட்டும் ஏன் வரல?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"மாமா நாட்டக் காவல் காத்துட்டு இருக்காரும்மா" என்றான் குமரேசன்.

"எந்த நாட்ட?"

என் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா தலையைத் தூக்காமலே சொன்னார்: "பிரான்ச."