புல் தின்னும் புலியின் பள்ளிக்கூடம்

ஒரு காட்டில் புலி ஆட்சிக்கு வந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். கேட்டவர்கள் இப்போது எந்தக் காட்டிலும் இல்லை.

பதவியேற்ற மறுநாள் புலி வேட்டைக்குப் போகவில்லை, பள்ளிக்கூடம் திறந்தது. "கிழ மான்களைத் திருத்த முடியாது. தூக்கத்திலும் காதைத் தூக்கியே வைத்திருக்கின்றன. குட்டிகளை அனுப்பச் சொல்லுங்கள்" என்றது.

தலைமையாசிரியர் கோதண்டம், ஒரு கருங்குரங்கு. அதுவரை மரத்து உச்சியில் உட்கார்ந்து, புலி வந்தால் குரல் கொடுத்து மான்களைக் காப்பாற்றியவர். பரம்பரை வேலை, சம்பளம் கிடையாது. அத்திப்பழக் கூடை வீடு தேடி வந்ததும் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது.

இரண்டு கிழ எருமைகள் மட்டும் எதிர்த்துத் துண்டறிக்கை விநியோகித்தன. மான்கள் அதை மரியாதையாக வாங்கித் தின்றன.

பாடத்திட்டம் எளிமையானது. புலி நம் தந்தை. தந்தை புல் தின்கிறார். காணாமல் போனவர்கள் அக்கரையில் மேற்படிப்பு படிக்கிறார்கள். அபாயக் குரல் எழுப்புவது அவதூறு. புலி வாடை தெரியும் என்பவன் துரோகி. பக்கத்துக் காட்டுப் புலிக்குப் பயந்து, கடைசியாக இன்னொரு பாடமும் சேர்த்தார்கள்: தந்தை போல் வேஷம் போட்டு எவனாவது வந்தால் வரிசையாக நின்று, தலையைக் குனிந்து, மோதி மிதிக்க வேண்டும். துரோகி எவனுக்கும் அதே தண்டனைதான்.

தந்தையைக் குட்டிகள் நேரில் பார்த்ததில்லை. பாறையில் படம் இருந்தது. வாய் நிறையப் புல், முகம் நிறையச் சிரிப்பு.

வெள்ளச்சி என்ற மானின் மகள் செவ்வந்தி வகுப்பில் முதல் ரேங்க்.

"உங்கப்பா எங்கேடி?" என்று வெள்ளச்சி ஒருநாள் கேட்டாள்.

"மேற்படிப்புக்குப் போயிருக்கார்."

"அந்த வயசுல என்னடி படிப்பு? புதரோரம் அவர் கொம்பு கிடந்ததை நானே பார்த்தேன்."

"ஹாஸ்டல்ல கொம்புக்கு அனுமதி இல்லைம்மா."

வெள்ளச்சி பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போனாள். "சார், புலி வாடை வந்தா என் பொண்ணு கண்ணை மூடிட்டு நீங்க சொல்லித் தந்த பாட்டைப் பாடுறா. செத்துப்போயிடுவா சார்."

"அதுக்குப் பேர்தான் ஒழுக்கம். வீட்டுல நீங்க என்ன சொல்லித் தர்றீங்க?" என்றார் கோதண்டம்.

"உயிரோட இருக்கச் சொல்லித் தர்றேன்."

"அது சிலபஸ்லயே இல்லையேம்மா."

"நீங்களே ஒருகாலத்துல குரல் கொடுத்தவர்தானே சார்?"

"அப்ப நான் படிக்காதவன்."

ஒரு மாலை குட்டிகள் குளத்தில் வரிசையாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. காற்று திரும்பியது. கரையில் நின்ற பெரிய மான்கள் மூக்கு சொன்னதைக் கேட்டு ஓடின. குட்டிகள் கண்ணை மூடிப் பாடத் தொடங்கின. புலி அவசரமே இல்லாமல் வந்தது. முதல் ரேங்க் என்பதால் செவ்வந்திதான் வரிசையில் முன்னால் நின்றாள்.

உண்மை இனி உதவாது என்று, ஓடாமல் கரையிலேயே நின்ற வெள்ளச்சிக்குப் புரிந்தது. கையில் மிஞ்சியது பாடத்திட்டம் மட்டும்தான்.

"செவ்வந்தி, கண்ணைத் திறடி. அந்த வாயைப் பார். புல் இருக்கா?"

செவ்வந்தி பார்த்தாள். புல் இல்லை. சிரிப்பும் இல்லை.

"வேஷம்" என்றாள். நூற்றுக்கணக்கான தலைகள் குனிந்தன.

"ஏய், நான்தான் உங்க தந்தை" என்றது புலி.

"துரோகி வேற எப்படிப் பேசுவான்?" என்றாள் செவ்வந்தி.

குளம்புகளுக்கு அடியில், சேற்றில் சாய்ந்த புலி எழுந்திருக்கவே இல்லை.

வெள்ளச்சி ஓடிவந்து மகளை நக்கி நக்கி அழுதாள். அந்தக் காட்டுக்கு அப்போது விடுதலை வந்தது. அவள் வாயைத் திறக்கும்வரை இருந்தது.

"தப்பிச்சோம் கண்ணு. இது வேஷம் இல்லடி, நிஜப் புலிதான். செத்துடுச்சு. இனி உனக்குப் பள்ளிக்கூடமே வேண்டாம்."

செவ்வந்தி பின்னால் நகர்ந்தாள். "நிஜப் புலின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வாடை தெரியாதா எனக்கு?"

எல்லாக் குட்டிகளும் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்த குளக்கரை மரத்தைப் பார்த்தன. கோதண்டம் செத்த புலியைப் பார்த்தார், பிறகு அத்திப்பழக் கூடையைப் பார்த்தார். ஒலிபெருக்கியை எடுத்தார்.

"தந்தை சுற்றுப்பயணத்தில் இருக்கிறார். நாளை வழக்கம்போல் வகுப்பு உண்டு."

குட்டிகள் மறுபடி வரிசையில் நின்றன, இந்த முறை வெள்ளச்சியைப் பார்த்து.

"அசையாம நில்லும்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று செவ்வந்தி அன்பாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

நீதி: புலியை வைத்துப் பராமரிப்பது வீண் செலவு. பள்ளிக்கூடம் ஒழுங்காக நடந்தால் புலியே தேவையில்லை.