தேர் மாமா வாங்கிய கேமரா மணி

சென்னையில் கார் ஓட்டுகிறவர்களில் ஸ்பீடு கேமராவுக்குப் பயப்படவே தேவையில்லாத ஒரே மனிதர் எங்கள் தேர் மாமாதான். கேமரா இருக்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லும் கருவி ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்று நான்கு மாதம் என் உயிரை எடுத்தவரும் அவர்தான்.

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் அபார்ட்மென்ட். முதல் மாடியில் மாமா, இரண்டாம் மாடியில் நான். 'தேர்' என்பது வாசல் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் வைத்த பெயர். அவருடைய வெள்ளைக் கார் முப்பதைத் தாண்டாது. பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் வடம் பிடிக்க வந்தவர்கள் மாதிரி ஊர்ந்து வருவார்கள்.

"யோவ் பெர்சு, ஓட்டிக்கினு போறியா, தள்ளிக்கினு போறியா?" என்று லஸ் சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் கத்தினார்.

மாமா நிதானமாகக் கண்ணாடியை இறக்கினார். "முப்பத்தெட்டு வருஷமா ஓட்டறேன். ஒரு ஃபைன் கிடையாது. உன் கணக்கு என்ன, சொல்லு பார்ப்போம்?"

ஆட்டோக்காரர் பதில் சொல்வதற்குள் சிக்னல் மறுபடியும் சிவப்பாகிவிட்டது.

"இந்த வேகத்துக்கு உங்களுக்கு எதுக்கு மாமா அந்தக் கருவி?" என்று கேட்டேன்.

"நான் தப்பு பண்ண மாட்டேன்பா. கேமரா பண்ணிட்டா? பக்கத்துல எவனாவது பறப்பான், அது என் நம்பரை எழுதிண்டுடும். அப்புறம் என் முப்பத்தெட்டு வருஷம் என்னாறது?"

சனிக்கிழமைதோறும் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு என்னை இழுத்துப் போனார். முதலில் பார்த்த கருவி ஆங்கிலத்தில் வேகத்தைக் குறைக்கச் சொன்னது. ப்ளீஸ் சொல்லவில்லை என்று வைத்துவிட்டார். இரண்டாவது தமிழ் பேசியது. "வேகத்தைக் குறை" என்றதும் மாமாவின் முகம் மாறியது. "என்னை யாருன்னு நினைச்சுண்டிருக்கு? குறைங்கோன்னு சொல்லப்படாதோ?" மூன்றாவது, விசில் மாதிரிக் கூவியது. "ஆத்துல குக்கர் சத்தம் இதேதான். அடையாறு பாலத்துல போறச்சே அடுப்பை அணைக்கணும்னு தோணும்."

கடைக்காரர் பொறுமை இழந்தார். "சார், நீங்க இன்னா ஸ்பீடுல போவீங்க?"

"முப்பது."

"அந்த ஸ்பீடுல போனா கேமராவே உங்கள பாத்துப் பாத்துத் தூங்கிடும் சார்!"

கடைசியில், வெறும் மணி மட்டும் அடிக்கும் ஒன்று தேறியது. அதையும் அப்படியே மாட்டிவிடுவாரா? கோயிலில் பூஜை போட்டார். தேங்காய் உடைத்து, காருக்கு மாலை சாத்தி, கருவியின் முன்பக்கம் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணாடிக்கு அருகில் ஒட்டிக்கொண்டார்.

அன்று முதல் அது வாயைத் திறக்கவில்லை. கேமரா இருக்கும் கம்பங்கள் எல்லாம் மாமாவுக்கே மனப்பாடம். ஒவ்வொன்றின் அருகிலும் பதினைந்துக்கு இறங்குவார். கருவியோ மௌன விரதம்.

"மாமா, கேமரா தாண்டியாச்சு. இது அடிக்கவே இல்லையே?"

"எதுக்கு அடிக்கணும்? நம்ம மேல அதுக்கு நம்பிக்கை வந்துடுத்து."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மகள் கீர்த்தனாவுக்குத் திருவான்மியூரில் நுழைவுத் தேர்வு. எட்டரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஒரு வருடமாக ராப்பகலாகப் படித்தவள். வருகிறேன் என்ற கால் டாக்சி இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக கேன்சல். ஸ்டாண்டில் ஓர் ஆட்டோகூட இல்லை. கீழே மாமா மட்டும் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி எட்டு பத்து.

"ஏறுங்கோ" என்றார். அந்தத் தேரில் போனால் மத்தியானம்தான் போய்ச் சேருவோம் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். கீர்த்தனா பின்சீட்டில் விசும்ப ஆரம்பித்தாள். மாமா ஒரு முறை கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

மந்தைவெளியில் ஐம்பது. அடையாறு பாலத்தில் எழுபது! நான் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கருவி வழக்கம்போல மௌனம். கேட்டைச் சாத்துவதற்கு மூன்று நிமிடம் முன்பு கீர்த்தனா உள்ளே ஓடினாள்.

இரண்டு நாள் கழித்து மாமி படிக்கட்டில் என்னை நிறுத்தினார். "மாமா போனுக்கு ஃபைன் மெசேஜ் வந்திருக்கு. நேத்திலேர்ந்து சரியாவே சாப்பிடலை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேராக மாமாவிடம் போய்ச் சாவியை வாங்கி, காரைத் திறந்து, அந்தக் கருவியைப் பிய்த்தெடுத்தேன். முன்பக்கத்துச் சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. சுரண்டினால், அடியில் ஒரு சின்னக் கண்ணாடி வட்டம்.

"மாமா, இது நெத்தி இல்லை, கண்ணு! கண்ணுல சந்தனத்தை அப்பினா இது எப்படிப் பார்க்கும்? இது மட்டும் அடிச்சிருந்தா அன்னைக்கு நீங்க பிரேக் போட்டிருப்பீங்க. உங்க முப்பத்தெட்டு வருஷம் பிழைச்சிருக்கும்!"

மாமா அதை வாங்கிப் பார்த்தார்.

"போட்டிருக்க மாட்டேன்" என்றார். "பாலத்துக்கிட்ட கேமரா இருக்கறது எனக்குத் தெரியாதா? கொழந்தை அழுதுண்டிருந்தாளேப்பா."

கருவியைத் திரும்ப வாங்கினேன். கைக்குட்டையால் அந்தக் கண்ணைத் துடைத்து, மறுபடியும் ஒட்டிக் கொடுத்தேன்.

இப்போது அது கேமராவுக்குக் கேமரா மணியடிக்கிறது. அடித்ததும் மாமா பதினைந்துக்கு இறங்குகிறார், பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது, நானும் வாய்க்கு வந்தபடி முணுமுணுக்கிறேன். ஆபீசுக்கு எவ்வளவு நேரமானாலும் சரி, அவர் வண்டி கிளம்பினால் நான் ஆட்டோவைக் கூப்பிடுவதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து போவது எனக்குப் பிடித்திருக்கிறது.