எட்டும் ஆறும் எண்பத்தாறு

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்தும் மருமகன் பிரபாகரனுக்கு, போடியிலிருந்து தாய்மாமன் ஜக்கையன். இங்கே சாரல் நலம், ஏலச்செடி நலம், உன் அத்தையும் நானும் அதற்கடுத்தபடி நலம்.

நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொன்னேன் என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். ஞானதுரை முதலாளியின் எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் ஆட்களை எண்ணிச் சொல்ல என் மகள் தமிழினி போனில் ஒரு பக்கம் செய்திருக்கிறாளே, அது ஒழுங்காக ஓடினால்தான் அவளுக்கு அங்கே நிரந்தர வேலை. விடியக்காலை எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று உன் சர்வர் ஜேசன் என்கிற பொட்டலமாகக் கட்டி அனுப்பும், அவள் பக்கம் அதைப் பிரித்துக் கூட்டிக் காட்டும், அதைப் பார்த்து ஜீப்புக்குச் சொல்வது என் பொறுப்பு. திங்கட்கிழமை சிலமலை எட்டு, ராசிங்காபுரம் ஆறு. பக்கம் காட்டியது எண்பத்தாறு. ஏழு ஜீப்பு வரிசைகட்டி நிற்கிறது, ஏற வந்தது பதினாலு பேர். காயெடுக்கிற மருதாயி ஒரு ஜீப்பில் தனியாக ஏறிக்கொண்டு, "ஜக்கையண்ணே, காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போடிமெட்டு போறேன், நாளைக்கும் இப்படியே சொல்லிருங்க" என்கிறாள். முதலாளியோ, "மிச்சம் எழுபத்திரண்டு பேரு எங்கய்யா, மலையிலேயே மொளைச்சு வருவாங்களா? நாளையிலருந்து பழைய நோட்டே போதும், உம்ம மக வீட்ல இருக்கட்டும்" என்றுவிட்டார்.

தமிழினி கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். "பார்ஸ் பண்ணுனா பொட்டலம் பிரியும், அம்புட்டுதாம்ப்பா. மச்சான் எட்டையும் ஆறையும் மேற்கோள் குறிக்குள்ள எழுத்தா அனுப்பிருக்காக. நான் எழுதுன ஜாவாஸ்கிரிப்ட் மொழி எழுத்தைக் கூட்டாது, பக்கத்துல பக்கத்துல ஒட்டிரும்" என்றாள். எனக்குத் தெரியாததா? சாக்கைப் பிரிப்பது ஒரு சோலி, உள்ளே கிடக்கும் காயைத் தரம் பிரிப்பது வேறு சோலி. ரெண்டையும் எண்ணாக்கிட்டுக் கூட்டுன்னு நான்தான் கட்டளையிட்டேன். பதினாலு வந்தது. உடனே முதலாளியிடம் போய், "நான் அப்பவே சொன்னேன் முதலாளி, பிள்ளை கேக்கல" என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து தமிழினி என்னிடம் பேசவில்லை, களைப்பாக இருக்கும்.

ஆகவே நீ வெரசா அந்தக் குறிகளை எடுத்துவிட்டு எண்ணை எண்ணாகவே அனுப்பு. உன் சர்வர் படுக்காமலும் உன் தலைமுடி கொட்டாமலும் நீண்ட காலம் விளங்க வாழ்த்தும்,
மாமன் ஜக்கையன்

பின்குறிப்பு: முன்கூட்டியே சொன்னது நான் என்பது மட்டும் நானாகச் சேர்த்தது. சொன்னது தமிழினி. "அப்பா, எண்ணிக்கை தப்பாத் தெரியுது, ரெண்டு நிமிசம் பொறு, ஜீப்புக்குச் சொல்லிராத" என்றுதான் சொன்னாள். ஏழு ஜீப்பு என் பேச்சுக்கு வந்து நிற்கிற அழகைப் பார்க்க ஆசைப்பட்டு நான்தான் சொல்லித் தொலைத்தேன். தபாலில் சேர்க்குமுன் இந்தப் பின்குறிப்பை முதலாளியிடம் வாசித்துக் காட்டிவிட்டு வர்றேன். மேலே உள்ள கடிதத்தையும் வாசிக்கச் சொன்னால் அதைக் கையால் மறைத்துக்கொள்வேன்.